சிங்கப்பூர் இரவில் லாங் எக்ஸ்போஷர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேமராப் பையோடு மின்தூக்கியில் ஏறினால் போதும், யாராவது எதையாவது கேட்பார்கள். பக்கத்து வீட்டு அக்கா, அலுவலகத் தம்பிகள், கேமரா வாங்கலாமா என்று ஒரு வருடமாக யோசித்துக்கொண்டிருக்கும் மச்சான் என்று பலரும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நான் பொழுதுபோக்குக்காகப் படம் எடுப்பவன், தொழில்காரன் அல்ல. பதில்களையும் அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

லாங் எக்ஸ்போஷர் என்று எதைச் சொல்கிறீர்கள்?

கேமராவின் ஷட்டர் சாதாரணமாக விநாடியில் நூறில் ஒரு பங்கு, ஐந்நூறில் ஒரு பங்கு நேரம்தான் திறந்திருக்கும். அதை ஒரு விநாடி, பத்து விநாடி, இரண்டு நிமிடம் என்று திறந்தபடியே விட்டால் அதுதான் லாங் எக்ஸ்போஷர். அந்த நேரம் முழுக்க சென்சாரில் (கேமராவுக்குள் ஒளியைப் பதியும் சில்லில்) விழும் வெளிச்சம் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்துகொண்டே போகும். அசையாதது கூர்மையாக நிற்கும். அசைவது நீளும், கரையும், சில சமயம் காணாமலே போகும்.

அதனால் ட்ரைபாடை (கேமரா நிற்கும் முக்காலியை) விரிக்கும் முன் ஒன்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும்: சட்டகத்துக்குள் எது நகர்கிறது, எது நகராமல் நிற்கிறது? இரண்டும் இருந்தால்தான் படம். வெறும் கட்டடத்தை முப்பது விநாடி எடுத்தாலும் அது கட்டடமாகத்தான் இருக்கும். அதன் அடியில் ஒரு சாலையோ, நீரோ, மேலே வேகமாக ஓடும் மேகமோ வேண்டும்.

இங்கே ராத்திரியிலும் பகல் மாதிரி வெளிச்சம். இருட்டே இல்லாத ஊரில் இரவுப் படம் எப்படி எடுப்பது?

2016இல் வெளியான உலக ஒளி மாசு வரைபடத்தில் சிங்கப்பூர்தான் முதலிடம். இங்கு வாழும் எல்லாருக்கும் மேலே இருக்கும் வானம், கண் முழு இருட்டுக்குப் பழக முடியாத அளவுக்கு வெளிச்சமாக இருக்கிறது என்று அந்த ஆய்வு சொன்னது. இணையத்தில் படித்த குறிப்புகள் இங்கே பலருக்கும் கைகொடுக்காததற்கு இதுதான் காரணம். அவை பெரும்பாலும் பாலைவனத்துக்கும் மலைக்கும் எழுதப்பட்டவை. ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளி உணர்திறனை) ஏற்று, அபர்ச்சரை (லென்ஸின் ஒளித்துளையை) முழுக்கத் திற, கிடைக்கும் கொஞ்ச வெளிச்சத்தைச் சேர்த்துக்கொள் என்று சொல்லும்.

நமக்கு வேலை நேர் எதிர். மரினா பேயில் நின்றால் வெளிச்சத்தை எப்படிக் கட்டுப்படுத்துவது என்பதுதான் தலைவலி. ஐஎஸ்ஓவை அடிமட்டத்தில் வைத்து, அபர்ச்சரைச் சுருக்கி, விளம்பரத் திரைகளைச் சட்டகத்துக்கு வெளியே தள்ளி, நிழல் எங்கே மிச்சம் இருக்கிறது என்று தேட வேண்டும். இந்தப் பக்கத்தில் நான் சொல்லும் முக்கால்வாசி விஷயம் இதிலிருந்து வருவதுதான்.

என்ன கேமரா வாங்க வேண்டும்? கைபேசி போதுமா?

ஷட்டர் நேரத்தை நீங்களே முடிவு செய்ய விடும் எந்தக் கேமராவும் போதும். பத்து வருடப் பழைய டிஎஸ்எல்ஆரும் ஐஎஸ்ஓ 100இல், ட்ரைபாடின் மேல், இன்றைய கேமராவுக்கு அருகில் வரும் படத்தைத் தரும். புதுக் கேமராவின் பெரிய பலம் அதிக ஐஎஸ்ஓவில் தெரியும். நாம் அங்கே போகப்போவதே இல்லை. பெனின்சுலா ஷாப்பிங் சென்டர் கடைகளிலோ கரோசெல் இணையச் சந்தையிலோ பழையது ஒன்றைப் பாருங்கள். நேரில் போய், லென்ஸின் வழியே ஒரு டார்ச் அடித்து உள்ளே பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

கைபேசியும் முடியும். ஐபோனில் லைவ் ஃபோட்டோ எடுத்து அதை லாங் எக்ஸ்போஷராக மாற்றும் வசதி 2017 முதல் இருக்கிறது. ஆண்ட்ராய்டு கைபேசிகள் பலவற்றில் புரோ முறைக்குப் போனால் 30 விநாடி வரை ஷட்டரைத் திறக்கலாம். ஆனால் கைபேசி லென்ஸின் அபர்ச்சரைப் பெரும்பாலும் சுருக்க முடியாது. மறுபடியும் அதே பிரச்சினை, வெளிச்சம் அதிகம். பளிச்சென்ற இடத்தில் பத்து விநாடி திறந்தால் படம் வெளுத்துவிடும். தீவு விரைவுச்சாலைகளை விட்டு உங்கள் பேட்டையின் உள்சாலைக்குப் போனால் கைபேசி நன்றாகவே ஈடுகொடுக்கும்.

ட்ரைபாட் கட்டாயமா?

ஆமாம். காசு செலவழிக்க ஒரே ஒரு இடம் என்றால் இதில் செலவழியுங்கள். மலிவான ட்ரைபாடில் விலையுயர்ந்த கேமராவை வைப்பதைவிட மறுவழி எவ்வளவோ மேல். நடுத்தண்டை உயர்த்தாமல் கால்களை மட்டும் நீட்டுங்கள். லென்ஸில் ஸ்டெபிலைசர் இருந்தால் அணைத்துவிடுங்கள், இல்லாத ஆட்டத்தைச் சரிசெய்யப் போய் அதுவே ஆட்டும். விரலால் ஷட்டரை அழுத்தாமல் 2 விநாடி டைமரை வைத்தால் ரிமோட் வாங்கும் செலவும் மிச்சம்.

கால் ஊன்றும் இடத்தையும் பார்க்க வேண்டும். மேம்பாலங்களில் இரட்டை மாடிப் பேருந்து அடியில் போகும்போது தரை அதிரும், காலில் தெரியாது, படத்தில் தெரியும். பாலத்தின் நடுவில் நிற்காமல் தூணுக்கு நேர் மேலே நின்றால் அதிர்வு குறைவு. ஹீலிக்ஸ் பாலத்தில் ஓட்டப்பயிற்சிக்காரர்கள் கூட்டமாக வரும்போதும், மரப்பலகை நடைபாதைகளில் யார் நடந்தாலும் இதே கதைதான். அவர்கள் கடந்துபோகும் வரை காத்திருங்கள்.

எத்தனை மணிக்குப் போக வேண்டும்?

பலரும் இரவு ஒன்பதுக்கு மேல் கிளம்புகிறார்கள். அதற்குள் வானம் கருத்துவிடும், கருத்த வானத்துக்கு முன்னால் கட்டடங்களின் விளிம்பே தெரியாது. நல்ல நேரம் சூரியன் மறைந்து பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துத் தொடங்கும். வானம் அடர்நீலமாக, கட்டட விளக்குகளின் வெளிச்சமும் வானத்தின் வெளிச்சமும் கிட்டத்தட்டச் சமமாக இருக்கும் நேரம் அது.

நாம் நிலநடுக்கோட்டுக்கு ஒன்றேகால் பாகை வடக்கே இருக்கிறோம். சூரியன் ஏறக்குறைய செங்குத்தாகக் கீழே இறங்கும், அதனால் அந்திப்பொழுது சுருக்கம். ஐரோப்பாவில் கோடையில் ஒரு மணிநேரம் நீளும் அந்த நீலம் இங்கே இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். ஒரு சௌகரியமும் உண்டு: சூரியன் மறையும் நேரம் ஆண்டு முழுக்க 6.45க்கும் 7.20க்கும் நடுவில்தான் ஊசலாடுகிறது. தீர்க்கரேகைப்படி பார்த்தால் நமக்கு இன்னும் ஒரு மணிநேரம் முன்னதாகவே இருட்ட வேண்டும். 1982 முதல் கடிகாரத்தை எட்டு மணிநேரக் கணக்குக்கு மாற்றிவிட்டதால் அலுவலகம் முடிந்து ரயில் ஏறிப் போவதற்கு அவகாசம் கிடைக்கிறது. ஆறரைக்கு இடத்தில் இருங்கள். சட்டகத்தை முடிவு செய்து, கேமராவைப் பூட்டி, நீலம் வரும்வரை தண்ணீர் குடித்துக்கொண்டு நில்லுங்கள். அந்த இருபது நிமிடத்தில் இடம் தேடி அலைந்தால் ஒன்றும் தேறாது.

எந்த எண்களில் ஆரம்பிப்பது?

மேனுவல் முறை, ஐஎஸ்ஓ 100, எஃப் 8 (இது அபர்ச்சர் அளவு, எண் கூடினால் துளை சிறியது), ரா கோப்பு (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு). நகர விளக்குகள் தெரியும் சட்டகத்துக்கு 8 விநாடியில் தொடங்குங்கள். வெளுத்தால் பாதியாக்குங்கள், இருண்டால் இரட்டிப்பாக்குங்கள். நீல நேரத்தில் வானம் நிமிடத்துக்கு நிமிடம் மங்கிக்கொண்டே போவதால் 4 விநாடியில் தொடங்கியது 15க்குப் போய் நிற்கும்.

நேரம் நீண்ட படங்களுக்கு ஒரு சுருக்குவழி உண்டு. ஐஎஸ்ஓ 3200க்கும் 100க்கும் இடையே 5 ஸ்டாப் வித்தியாசம். ஒரு ஸ்டாப் என்றால் இரட்டிப்பு, அதாவது மொத்தம் 32 மடங்கு. ஐஎஸ்ஓ 3200இல் 2 விநாடி எடுத்துப் பாருங்கள், அது சரியாக வந்தால் ஐஎஸ்ஓ 100இல் 64 விநாடி. நான்கு நிமிடப் படத்துக்கு நான்கு நிமிடம் காத்திருந்து, சட்டகம் கோணலாக இருப்பதைக் கடைசியில் கண்டுபிடிக்கும் கொடுமை இதனால் மிச்சம். 30 விநாடிக்கு மேல் போகப் பல கேமராக்களில் பல்ப் முறைக்கு (அழுத்தியிருக்கும் வரை ஷட்டர் திறந்தே இருக்கும் முறைக்கு) மாற வேண்டும், அதற்கு மட்டும் ஒரு ரிமோட் வேண்டும்.

திரையில் தெரியும் படத்தை நம்பாதீர்கள். இருட்டில் கேமராத் திரை எப்போதும் கூடுதல் பளிச்சென்று தெரியும். ஹிஸ்டோகிராமைப் பாருங்கள், இருண்டதை இடதிலும் பளிச்சென்றதை வலதிலும் காட்டும் வரைபடம் அது. வலது ஓரத்தில் முட்டிக்கொண்டு நிற்பது தெருவிளக்குகள் மட்டும் என்றால் விட்டுவிடலாம், கட்டட முகப்பே முட்டினால் நேரத்தைக் குறையுங்கள்.

ஃபோகஸ் சரியாக விழ மாட்டேன் என்கிறதே?

வெளிச்சமான ஒரு விளிம்பில், உதாரணத்துக்கு ஒரு கட்டடப் பெயர்ப்பலகையில், ஆட்டோஃபோகஸ் செய்துவிட்டு உடனே மேனுவலுக்கு மாற்றுங்கள். லைவ் வியூவில் பெரிதாக்கி ஒருமுறை சரிபாருங்கள். அதற்குப் பிறகு லென்ஸ் வளையத்தைத் தொடாதீர்கள். அவ்வளவுதான்.

வாகன விளக்குக் கோடுகள் எங்கே, எப்படி?

எல்லாரும் இதில்தான் ஆரம்பிக்கிறார்கள், ஆரம்பிக்க நல்ல இடமும் இதுதான். பாதசாரி மேம்பாலம் ஒன்று, அடியில் பேருந்துகள் ஓடும் சாலை ஒன்று. உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே இருக்கும், நகரத்துக்கு வர வேண்டியதில்லை. நாம் இடப்பக்கம் ஓட்டும் நாடு என்பதால் சாலையின் நீளவாக்கில் பார்த்து நின்றால் சிவப்புக் கோடுகள் இடதுபக்கமும் வெள்ளைக் கோடுகள் வலதுபக்கமும் விழும். வளைவு இருக்கும் சாலையென்றால் இன்னும் அழகு.

பச்சை விளக்கு விழுந்து வண்டிகள் கிளம்பும் தருணத்தில் ஷட்டரைத் திறங்கள். சிவப்பில் நிற்கும் வண்டிகள் சட்டகத்துக்குள் இருந்தால் அவை பாதிப் பேயாகத் தெரியும். 10 முதல் 20 விநாடி போதும். கார்கள் மட்டும் போனால் கோடுகள் எல்லாம் தரையோடு ஒட்டிக் கிடக்கும். இரட்டை மாடிப் பேருந்து ஒன்று வந்தால் மேலேயும் கோடுகள் வரும், படத்துக்கு உயரம் கிடைக்கும். அதனால் நான் கைபேசியில் பேருந்து வரும் நேரத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஷட்டரை அழுத்துவேன். பேருந்தைப் பிடிக்க அல்லாமல் படம் பிடிக்க அந்தச் செயலியைத் திறப்பவர்கள் இந்த ஊரில் கொஞ்சப் பேர் இருக்கிறோம்.

சில கோடுகள் தொடர்ச்சியாக இல்லாமல் புள்ளி புள்ளியாக விழுகின்றன என்று கேட்பார்கள். கேமராவில் கோளாறு இல்லை. எல்இடி பின்விளக்குகள் பலவும் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து எரிபவை. வண்டி நகரும்போது அந்தத் துடிப்பு புள்ளிகளாகப் பதிகிறது.

ஓட்டுநரில்லாத எல்ஆர்டி ரயிலின் முன்கண்ணாடியோடு லென்ஸை ஒட்டிப் பிடித்து அரை விநாடி, ஒரு விநாடி எடுத்துப் பாருங்கள். தண்டவாளமும் அடுக்குமாடி விளக்குகளும் நடுப்புள்ளியிலிருந்து பாய்ந்து வரும். பொங்கோல், செங்காங் தடங்கள் இதற்கு நல்லவை. கூட்டமில்லாத நேரமாகப் பாருங்கள். முன்வரிசையைப் பிள்ளைகள் பிடித்து வைத்திருந்தால் அது அவர்களுடைய இடம், விட்டுவிடுங்கள்.

மெர்லயன் சிலைப் பக்கம் எப்போதும் கூட்டம். ஆளில்லாமல் எடுக்க முடியுமா?

ஓரளவு முடியும். 1838இல் புகைப்படக் கலையின் முன்னோடி டாகுயர் பாரிஸின் பரபரப்பான ஒரு தெருவைப் படமெடுத்தார். எக்ஸ்போஷர் சில நிமிடங்கள் நீண்டதால் வண்டிகளும் நடந்தவர்களும் பதியவே இல்லை, காலணிக்கு மெருகு போட நின்ற ஓர் ஆள் மட்டும் பதிந்தார். மெர்லயனிலும் அதே கணக்கு. நடப்பவர்கள் 30 விநாடியில் கரைந்துவிடுவார்கள். செல்ஃபிக்கு வாயைத் திறந்து, வாயில் தண்ணீர் விழுகிற மாதிரி அசையாமல் நிற்பவர்கள் கரைய மாட்டார்கள். அங்கே வருபவர்களில் பாதிப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். அசையாத கேமராவில் ஒரே சட்டகத்தைப் பத்துப் பன்னிரண்டு தடவை எடுத்து, கணினியில் நடுமதிப்பு எடுக்கும் முறையில் கலந்தால் அவர்களும் மறைவார்கள். அல்லது விடியலுக்கு முன் போங்கள், அதுதான் சுலபம்.

மெர்லயன் வாயிலிருந்து விழும் நீரைப் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. 20 விநாடியில் அது வெறும் வெள்ளைப் பட்டையாகிவிடும். கால் விநாடிக்கும் ஒரு விநாடிக்கும் நடுவில் எடுத்தால் நீர் நீராகவே இருக்கும், விசையும் தெரியும். நீளமாகத் திறந்தால்தான் நல்ல படம் என்று எந்தச் சட்டமும் இல்லை. 1972இல் திறக்கப்பட்ட அந்தச் சிலை எஸ்பிளனேட் பாலம் வந்த பிறகு பார்வையிலிருந்து மறைந்துபோனதால் 2002இல் இப்போதைய இடத்துக்கு நகர்த்தப்பட்டது. இன்று அதன் முன்னால் ட்ரைபாட் வைக்கக் கிடைக்கும் கோணங்கள் அந்த நகர்த்தலால் வந்தவை.

மரினா பே நீரில் பிரதிபலிப்பு சில நாள் கிடைக்கிறது, சில நாள் இல்லை. ஏன்?

காற்றும் படகும்தான் காரணம், அலையேற்றம் இல்லை. 2008இல் மரினா அணைக்கட்டு முடிந்ததும் கடலின் ஏற்றவற்றம் அந்த நீருக்கு இல்லாமல் போயிற்று, இப்போது அது ஒரு நீர்த்தேக்கம். நீர்மட்டம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். ஈஸ்ட் கோஸ்ட்டிலோ சாங்கியிலோ எடுப்பதாக இருந்தால் ஏற்றவற்ற அட்டவணையைப் பார்க்க வேண்டும், இங்கே வேண்டாம். சுற்றுலாப் படகுகள் ஓயும் வரை பொறுங்கள், அல்லது அவற்றின் விளக்குக் கோட்டையே படத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். 30 விநாடியில் சிற்றலைகள் மழுங்கி, விளக்குகளின் நிறம் மட்டும் நீரில் நீளமாக நிற்கும். மிகப் பிந்திப் போகாதீர்கள், அலுவலகக் கட்டடங்களின் விளக்குகள் நேரமாக ஆக ஒவ்வொன்றாக அணையும்.

கரையோரப் பூந்தோட்டங்களின் பெருமரங்களை எடுத்தால் நிறம் அழுக்காக வருகிறதே?

அந்தச் செயற்கை மரங்களில் ஒளி, ஒலிக் காட்சி நடக்கும்போது 30 விநாடி திறந்திருப்பீர்கள். அந்த நேரத்தில் விளக்குகள் சிவப்பு, நீலம், பச்சை என்று மாறிக்கொண்டே போகும். எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்தால் வெளுத்த சாம்பல்தான் கிடைக்கும். காட்சியின்போது 2 முதல் 4 விநாடிக்குள் வைத்துக்கொள்ளுங்கள், நிறம் தனித்து நிற்கும். காட்சி வழக்கமாக இரவு 7.45க்கும் 8.45க்கும் நடக்கும். முதல் காட்சிக்குப் போனால் வருடத்தின் தொடக்கத்தில், சூரியன் தாமதமாக மறையும் மாதங்களில், வானத்தில் கொஞ்சம் நீலமும் மிச்சம் இருக்கும். மரங்கள் 25 மீட்டரிலிருந்து 50 மீட்டர் வரை உயரமானவை. அகன்ற லென்ஸ் இல்லையென்றால் அடியில் நிற்காமல் தள்ளிப் போய் எடுங்கள்.

விளக்குகளைச் சுற்றி நட்சத்திரம் மாதிரி முனைகள் எப்படி வருகின்றன?

அபர்ச்சரைச் சுருக்கும்போது அதன் தகடுகளின் விளிம்புகளில் ஒளி சிதறுவதால். தகடுகள் இரட்டைப்படை எண்ணிக்கை என்றால் அதே அளவு முனைகள், ஒற்றைப்படை என்றால் இரண்டு மடங்கு. ஏழு தகட்டு லென்ஸில் பதினான்கு முனைகள். எஃப் 11 வரை சுருக்குங்கள். எஃப் 16ஐத் தாண்டினால் முனைகள் கூர்மையாகும், மொத்தப் படமும் மழுங்கும்.

இதோடு சேர்த்து இன்னொன்று. படத்தில் தலைகீழாகப் பச்சைப் புள்ளிகள் மிதந்தால், லென்ஸின் முன்னால் மாட்டியிருக்கும் யூவி ஃபில்டரைக் கழற்றுங்கள். இரவில் அது வேண்டாம்.

இருண்ட பகுதிகளில் சிவப்பு, நீலப் புள்ளிகள் தெரிகின்றன. கேமரா கெட்டுவிட்டதா?

இல்லை. சென்சார் சூடாகும்போது சில பிக்சல்கள் வெளிச்சம் இல்லாமலே மின்னும். இரவிலும் 26, 27 பாகை இருக்கும் நம் ஊரில் இது குளிர்நாடுகளைவிட அதிகம் தெரியும். கேமராவில் லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்ஷன் என்று ஒன்று இருக்கும். அதை இயக்கினால், படம் எடுத்த அதே நேரத்துக்கு ஷட்டரை மூடிக்கொண்டு இன்னொரு பதிவு செய்து, அதில் தெரியும் புள்ளிகளை முதல் படத்திலிருந்து கழித்துவிடும். இரண்டு நிமிடப் படம் எடுத்த பிறகு கேமரா இரண்டு நிமிடம் உறைந்துபோய் நிற்பது இதனால்தான், பயப்பட வேண்டாம். நீல நேரத்தில் இதை அணைத்துவையுங்கள், இருக்கும் இருபது நிமிடத்தில் பாதியை அது தின்றுவிடும்.

வெளியே வந்ததும் லென்ஸ் பனிக்கிறது. என்ன செய்வது?

ஏர்கான் ரயிலில் குளிர்ந்த கண்ணாடியில் வெளியே உள்ள ஈரம் படிகிறது. துடைத்தால் மீண்டும் படியும். பையை மூடியபடியே இருபது, முப்பது நிமிடம் வெளியே வைத்திருங்கள், கண்ணாடி சூடேறியதும் எடுங்கள். ஆறரைக்கே போய் நில்லுங்கள் என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

வீட்டில் ஈரப்பதம் குறைத்து வைக்கும் டிரை கேபினட் ஒன்று வாங்குங்கள். 40 முதல் 50 விழுக்காட்டில் வைத்தால் பூஞ்சை வராது. அலமாரியில், துணிப்பையில், சிலிக்கா பொட்டலம் ஒன்றைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தால் ஒரு வருடத்தில் லென்ஸுக்குள் வேர் ஓடியிருக்கும். லென்ஸ் வாங்கும்முன் இதை வாங்க வேண்டும் என்பது என் கட்சி.

சிங்கப்பூரில் நட்சத்திரக் கோடுகள் எடுக்க முடியுமா?

முடியும், பால்வெளி மட்டும் கேட்காதீர்கள். அதற்கு மலேசியாவின் மெர்சிங் பக்கம் போக வேண்டும்.

ஒரே படமாக ஒரு மணிநேரம் திறந்தால் வானம் ஆரஞ்சு நிறத்தில் வெளுத்துவிடும். 10 அல்லது 15 விநாடிப் படங்களாக இடைவெளி விடாமல் ஒரு மணிநேரம் எடுத்து, ஸ்டார்ஸ்டாக்ஸ் போன்ற இலவச மென்பொருளில் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு படத்திலும் வானம் வெளுக்காமல் இருக்கிறதா என்று பார்த்து ஐஎஸ்ஓவை வையுங்கள். நாய்ஸ் ரிடக்ஷனை அணைக்காவிட்டால் கோடுகள் அறுந்து அறுந்து வரும். ஒரு மணிநேரத்தில் வானம் 15 பாகை சுழலும், அந்த அளவு கோடு கிடைக்கும்.

நம் ஊர்க் கோடுகளுக்குத் தனி வடிவம் உண்டு. வட துருவ நட்சத்திரம் இங்கே அடிவானத்தோடு ஒட்டிக் கிடப்பதால் முழு வட்டம் கிடைக்காது. வடக்கே பார்த்தால் பாதி வட்டம், தெற்கே பார்த்தாலும் பாதி வட்டம். கிழக்கே பார்த்தால் நட்சத்திரங்கள் நேர்க்கோடுகளாக, ஏறக்குறைய செங்குத்தாக எழும். அடுக்குமாடிகளின் நெட்டுக் கோடுகளோடு அது அருமையாகச் சேரும். வடக்கு நாட்டுக்காரர்களுக்கு இது வாய்க்காது. ஜனவரி, பிப்ரவரி மாலைகளில் திருவாதிரையும் அதைச் சுற்றியுள்ள பளிச்சென்ற நட்சத்திரங்களும் உச்சிக்கு அருகே வரும், நம் வெளிச்சத்தையும் மீறித் தெரிபவை அவை.

மின்னல்?

வீட்டுக்குள்ளிருந்து மட்டும். சன்னலோரத்தில் ட்ரைபாடை வைத்து, அறை விளக்கை அணைத்து, ஐஎஸ்ஓ 100, எஃப் 8, 10 விநாடி என்று தொடர்ந்து எடுத்துக்கொண்டே இருங்கள். மின்னலைப் பார்த்து அழுத்தினால் தாமதம், திறந்திருக்கும்போது அது தானாக வந்து விழ வேண்டும். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் இடிமழை அதிகம். மொட்டைவெளியிலும் கடற்கரையிலும் உலோக ட்ரைபாடோடு நிற்கும் ஆட்களைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்கும்.

தேசிய தின வாணவேடிக்கைக்கு எங்கே நிற்பது?

ஆகஸ்ட் 9க்கு முந்தைய சனிக்கிழமைகளில் ஒத்திகைகளும் முன்னோட்டக் காட்சிகளும் நடக்கும், அவற்றிலும் வாணவேடிக்கை உண்டு. பழகிக்கொள்ள அவைதான் நல்லவை, கூட்டமும் குறைவு.

இடத்தைவிடக் காற்று முக்கியம். ஆகஸ்ட்டில் தென்மேற்குப் பருவக்காற்று, பொதுவாகத் தெற்கிலிருந்து வீசும். வடக்குப் பக்கம் நின்றால் புகை முழுக்க உங்களை நோக்கி வரும், மூன்றாவது நிமிடத்துக்குப் பிறகு வெறும் மேகம்தான். புத்தாண்டு வாணவேடிக்கைக்கு இது தலைகீழ், அப்போது வடகிழக்குக் காற்று. ஐஎஸ்ஓ 100, எஃப் 11, பல்ப் முறை. வெடி மேலே கிளம்பும்போது திறந்து, விரிந்து அடங்கும்போது மூடுங்கள், 3 முதல் 6 விநாடி ஆகும். முதல் சில வெடிகளின் படங்கள்தான் பெரும்பாலும் மிகச் சுத்தமானவை. கடைசியில் எல்லாம் ஒன்றாக வெடிக்கும்போது நேரத்தைப் பாதிக்கும் கீழே குறைக்காவிட்டால் வெள்ளைக் குழப்பம்.

தீபாவளி ஒளியூட்டும் தைப்பூசமும்?

சிராங்கூன் சாலை ஒளியூட்டுக்கு மழை விட்ட மாலையாகப் பார்த்துப் போங்கள். அக்டோபர், நவம்பரில் அதற்குப் பஞ்சமில்லை. ஈரச்சாலையில் வளைவுகளின் நிறம் அப்படியே இறங்கும், அடியில் பேருந்துக் கோடுகளும் சேரும். வார இறுதியில் தேக்காப் பக்கம் ட்ரைபாட் விரிக்க இடம் கிடைக்காது. வாரநாளே நல்லது. பச்சை மனிதன் விழும்போது சாலை நடுவில் நின்று எடுக்கும் வீரம் வேண்டாம். அலங்காரங்கள் பளிச்சென்று இருப்பதால் 4 விநாடிக்கு மேல் அரிதாகத்தான் தேவைப்படும்.

தைப்பூசத்துக்கு ட்ரைபாடை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். நள்ளிரவுக்குப் பக்கத்தில் பெருமாள் கோயிலிலிருந்து கிளம்பும் காவடிகளைக் கையில் பிடித்த கேமராவால், எட்டில் ஒரு விநாடியில், காவடியோடு சேர்ந்து நகர்ந்தபடி எடுங்கள். முகம் ஓரளவு நிற்கும், மயிற்பீலியும் விளக்குகளும் சுழலும். பத்தில் ஒன்று தேறினால் அதிகம். முந்தைய நாள் மாலை தண்டாயுதபாணி கோயிலுக்குத் திரும்பும் வெள்ளி ரதம் மெதுவாக நகர்வதால் பழகிக்கொள்ள அது நல்லது. அலகு குத்தியவர் வலியோடு நிற்கும்போது லென்ஸை முகத்துக்கு முன்னால் நீட்டாதீர்கள். சொந்தக்காரர் கையசைத்தால் கேமராவைத் தாழ்த்திவிடுங்கள்.

காவலாளி வந்து நிறுத்தச் சொன்னால்?

பொது இடத்தில் பொழுதுபோக்குக்காக எடுப்பதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. கடைத்தொகுதி, ஹோட்டல் மாடி போன்ற தனியார் இடங்களில் கேமராவுக்குச் சரி என்பார்கள், ட்ரைபாடுக்கு வேண்டாம் என்பார்கள். “சரிங்க அங்கிள், ரெண்டே நிமிஷம்” என்று கேட்டுப் பாருங்கள், முடியாது என்றால் மடக்கிவிடுங்கள். அவரிடம் வாதம் செய்து எந்தப் படமும் கிடைத்ததில்லை. ஆனால் பாதுகாக்கப்பட்ட இடம் என்று அறிவிப்புப் பலகை வைத்திருக்கும் வளாகங்களை எடுக்கவே கூடாது. அது வேறு விஷயம், சட்டம் இருக்கிறது.

எதிர் புளோக்கை எடுக்கும்போது ஒரு நினைப்பு இருக்கட்டும். சன்னல்கள் வெறும் வெளிச்சச் சதுரங்களாகத் தெரியும் அகன்ற லென்ஸ் பரவாயில்லை. வீட்டுக்குள் யார் என்று தெரியும் அளவுக்கு நெருங்கிப் போனால் அது படக்கலை இல்லை.

எஃகுக் கம்பளியைக் கொளுத்திச் சுழற்றும் படங்கள்?

வேண்டாம். தீப்பொறி பல மீட்டர் பறக்கும், இங்கே புல்லும் மரமும் ஆட்களும் இல்லாத இடம் எங்கே இருக்கிறது? எல்இடி விளக்கைக் கயிற்றில் கட்டிச் சுழற்றுங்கள்.

என்டி ஃபில்டர் வாங்கலாமா?

லென்ஸுக்குள் போகும் வெளிச்சத்தைக் குறைக்கும் கருங்கண்ணாடிதான் அது. முதல் சில மாதங்களுக்கு வேண்டாம். பிறகு வாங்குவதானால் 6 ஸ்டாப் ஒன்று போதும். 1 விநாடியை 64 விநாடியாக்கும், நீல நேரத்திலேயே மேகத்தை இழுக்கலாம். வெளிச்சம் மிஞ்சிய நம் ஊருக்கு இது இரவிலும் பயன்படும். 10 ஸ்டாப் ஃபில்டர் பகலுக்கு உரியது. மலிவான ஃபில்டர்கள் படத்துக்கு ஊதா அல்லது பழுப்புச் சாயம் பூசும், அதைக் கழுவி எடுக்கவே நேரம் போகும்.

கணினியில் எவ்வளவு மாற்றலாம்?

வெள்ளைச் சமநிலையை 3500 கெல்வின் பக்கம் கொண்டுவந்தால் பெரும்பாலான நகரப் படங்கள் நிதானத்துக்கு வரும். சாலை விளக்குகள் எல்இடிக்கு மாறிய பிறகு பழைய ஆரஞ்சுத் தொல்லை குறைந்துவிட்டது. பளிச்சென்ற பகுதிகளைக் கொஞ்சம் இறக்குங்கள். நிழலை ஏற்றுவதில் மட்டும் கை கட்டிக்கொள்ளுங்கள். மூலை முடுக்கெல்லாம் தெரிய வேண்டும் என்று ஏற்றிக்கொண்டே போனால், அவ்வளவு பாடுபட்டுத் தேடிய இருட்டையும் துடைத்துவிடுவீர்கள்.

கடைசி ரயிலுக்குள் திரும்பிவிட முடியுமா?

நீல நேரத்துக்குப் போனால் எட்டு மணிக்கே வேலை முடியும், சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம். நட்சத்திரக் கோடுகள் எடுக்கும் நாளில் மட்டும் ரயில் நேரத்தை முன்பே பாருங்கள். பல நிலையங்களில் நள்ளிரவை ஒட்டிக் கடைசி ரயில் போய்விடும். சாங்கி கடற்கரை மாதிரி ஓரத்தில் நின்றால் அதற்கு முன்னால் ஒரு பேருந்தையும் பிடிக்க வேண்டும். உபரி பேட்டரி ஒன்று, கொசு மருந்து, மெல்லிய மழைச்சட்டை, தண்ணீர் பாட்டில் ஆகியவை பையில் இருக்கட்டும்.